இசட்டுக்கு முன்னால் ஒரு ஹெச்

என் தம்பி மகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எழுத வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதிவிட்டேன். நடுவில் ஒரு ழகரம் வரும், அது தெரிந்தால் போதும்.

சின்னமனூரில் வாழைக்காய் மண்டிகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று என்று நிரப்ப வேண்டிய தாள் எதுவானாலும் சுற்றுப்பக்கத்து ஊர்க்காரர்கள் என்னிடம் வருவார்கள். மேகமலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களும் உண்டு.

பிறப்புச் சான்றுக்கு வருகிறவர்களோடுதான் அதிக நேரம் போகும். பெயரைத் தமிழில் சொல்வார்கள். இங்கிலீஷில் எப்படி என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "நீங்களே நல்லா பாத்துப் போடுங்க" என்பார்கள். நான் போட மாட்டேன். சின்ன எழுத்துதானே என்று நாம் போட்டுக்கொடுத்தால், அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அதைச் சுமக்கும் என்று சொல்லி, நான்கைந்து விதமாக ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். அவர்கள் ஒன்றின்மேல் விரல் வைக்க வேண்டும். வருசநாட்டிலிருந்து வந்த ஒருவர் எண்கணித ஜோதிடப்படி கூட்டுத்தொகை சரியாக வரும்வரை மகன் பெயரில் ஏ சேர்த்துக்கொண்டே போனார். ஒரு கத்தோலிக்க ஆசிரியை பேரனுக்காக வந்தார். அவர் வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே புனிதரின் பெயர். கோயில் பதிவேட்டில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி. "நாலாவதா ஒண்ணு வேண்டாம்மா, இந்த மூணுல ஒண்ணப் போட்டுரு" என்றார். எதைப் போடுவது என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

கடை போட்ட நாளிலிருந்து என் கையால் ஒரு எழுத்துப் பிசகியது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதை நான் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்வேன். தேவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் தம்பி ஜீப் ஓட்டுகிறான். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் வேலை. அப்படிப் போகும்போதுதான் அவன் மனைவியைப் பார்த்தான். வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்திலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். எட்டாவது வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், கூட்டி வாசிக்கத் திணறுவாள். ஆனால் அவள் வாயில் ழகரம் நாக்கை மடித்து அத்தனை சுத்தமாக வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது வாளப்பளம்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேசுவதைக் கேட்டு என் தம்பி சிரிப்பான். பிறகு, அவன் பேசுவதைக் கேட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

மகள் பிறந்ததும் பெயரை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தமிழில் எந்தச் சண்டையும் இல்லை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. இங்கிலீஷுக்கு வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. தம்பி தேனியில் பெயர்க்கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் போய் ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதில் ழ இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எல், கடைசியில் கூடுதலாக ஒரு ஏ.

"அக்கா, இங்கன எவனுக்கு அந்த இசட்டு தெரியும்? ஸன்னு வாசிப்பான். பேசாம எல்லு போட்டுரு. நம்ம வாயில வர்றதும் அதுதான" என்றான்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் வெளியே போனதும் என்னிடம் வந்தாள்.

"மதினி, எங்க ஊர்ப்பக்கம் போர்டுல எல்லாம் இசட் ஹெச் போட்டுத்தான் எழுதியிருப்பாக. ஒருத்தரும் தப்பா வாசிச்சு நான் கேட்டதில்ல. அந்த ழவுக்காகத்தான் நான் இந்தப் பேர வச்சதே. அத எடுத்துட்டு அப்புறம் என்ன பேரு அது."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் வழக்கம்போல, நீங்களே பேசி முடிவெடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் பேசவில்லை, சண்டைதான் போட்டார்கள். மாதங்கள் ஓடின. ஒரு நாள் அவள் அந்தத் துண்டுச்சீட்டை அடுப்பில் போட்டுவிட்டாள். அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு யாரோ ஓட்டிய ஜீப்பில் ஏறி அம்மா வீட்டுக்கு மலைக்குப் போய்விட்டாள்.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்துவிட்டால் எளிது. தாண்டிவிட்டால் அலைச்சல். நாள் நெருங்க நெருங்க எனக்குத்தான் பதற்றம். இரண்டு நாள் இருக்கும்போது தம்பி கடைக்கு வந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான். பெயருக்கான கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன.

"அவகிட்டக் கேட்டு என்னமும் போட்டுக்க. எனக்கு இதோட விட்டாப் போதும்" என்றான். அவன் இறங்கி வந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. அதை அவளிடம் அவன் வாயால் சொல்லத்தான் மனசு வரவில்லை.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். மேட்டில் ஏறி நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஹெச்சையும் இசட்டையும் விட்டுராதீக மதினி" என்றாள். அதோடு போன் அறுந்தது.

கடையில் அப்போது கூட்டம். ஒரு பெரியவர் ஜெராக்ஸ் எடுத்த தாள்களை எண்ணிக்கொண்டு ஒன்று குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறப்புப் பதிவு அலுவலகம் மூடுவதற்குள் போக வேண்டும். பேனாவை எடுத்து ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பினேன். கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். நான் எழுதியிருந்தபடியே அவர்கள் ஏற்றினார்கள். சான்று வந்ததும் லேமினேட் செய்து தம்பியிடம் கொடுத்தேன். அவன் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எல் இல்லை என்பதைக் கவனித்திருப்பான், அவ்வளவுதான். மறுநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான், பிள்ளையையும் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான். சான்றைக் கையில் வாங்கி அவள் அந்த இரண்டு எழுத்தின்மேலும் விரலால் தடவினாள். ஹெச் இருந்தது. இசட் இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து தேவதானப்பட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் மகன் பெயரிலும் ழ. நான்கைந்து விதமாக எழுதிக் காட்டும்போது, "எங்க வீட்டுப் பிள்ளைக்கே இப்படித்தான் போட்டிருக்கோம்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் வைத்திருந்த நகலைத் திறந்தேன். அந்தப் பெண் என் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அதுல ஹெச் முன்னாடி இருக்கு. இதுல பின்னாடி இருக்கே?"

திரையைப் பார்த்தேன். இசட்டுக்கு முன்னால் ஹெச். தம்பி மனைவி போனில் சொன்ன வரிசையிலேயே என் கை எழுதியிருந்தது. வாரத்துக்கு நான்கு ழகரப் பெயர் எழுதுகிற கை. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்று நினைவில்லை. அவர்கள் போனதும் நாற்காலியை விட்டு எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழை, திருத்திவிடலாம். ஆனால் தம்பியும் மனைவியும் அப்போதுதான் சேர்ந்து, ஒரே தட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சை எடுத்தால் எல் போடலாமா என்று மறுபடி தொடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பிழை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை என்பது மீதி.

காதுகுத்து வந்தது. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துத்தான் போனேன். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பிள்ளை வீறிட்டு அழுது ஓய்ந்த பிறகு, பந்தியில் தம்பி சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எல்லாத்தையும் எங்க அக்காதான் ஒத்த ஆளா நின்னு முடிச்சுக் குடுத்தாக." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இலையில் இருந்ததை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிறப்புச் சான்றைப் பார்த்துத்தான் ஆதார் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சரியாக எழுதினால் சான்றோடு ஒத்துப்போகாது. அதனால் தெரிந்தே ஹெச்சை முதலில் எழுதினேன். ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தபோதும் வங்கிக் கணக்குக்கு எழுதியபோதும் அப்படித்தான். ஒரு தடவை தவறிப்போய் எழுதியதை, பிறகு மூன்று தடவை தெரிந்து எழுதினேன்.

அந்தப் பெயரை யார் எப்படி வாசிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவள் போனால் நானும் கூடப் போவேன். செவிலியர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், முதல் பாதியை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு, மீதியை வாய்க்குள் முனகினார். தேனியில் டாக்டரிடம் காட்டப் போனபோது, டோக்கன் கூப்பிடுகிறவர் நடுவில் இரும ஆரம்பித்தார், இருமி முடித்து, "அந்தச் சின்னப்பிள்ள யாரு, வாங்க" என்றார். வங்கிக் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் வடக்கிலிருந்து வந்த அதிகாரி, மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றுக்கும் நாங்கள் தலையசைக்காததால் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு தடவையும் தம்பி மனைவி பொறுமையாக, நாக்கை மடித்து, சரியான பெயரைச் சொல்வாள். "இங்கிலீசுல இதுக்கு எழுத்தே இல்ல, அதான் எல்லாரும் தடுமாறுறாக" என்று திரும்பும் வழியில் என்னிடம் சொல்வாள். எழுத்து இருக்கிறது. வரிசைதான் இல்லை.

கடையிலும் என் போக்கு மாறியது. எழுதிய பெயரை முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். வீட்டுக்குப் போனவர்களுக்குப் போன் போட்டு, டி போட்டோமா, டி ஹெச் போட்டோமா என்று கேட்பேன். ஒருவர் கோபித்துக்கொண்டு, "ஏம்மா, ஒம் மேலதான் ஒனக்கு நம்பிக்க இல்லையா?" என்றார். போனை வைத்தேன்.

பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தை நான் எழுத மாட்டேன் என்று கண் வலி சாக்குச் சொல்லிவிட்டேன். தம்பியே சான்றைப் பார்த்து, ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதினான். எழுதி முடித்துக் காட்டினான். "சரியா இருக்குல்ல?" என்று கேட்டான். இருக்கு என்றேன்.

எல்லாம் யு.கே.ஜி.யில் வெளிவந்தது. புதிதாக வந்த வகுப்பு ஆசிரியை, நோட்டு அட்டைகளில் பெயர் ஒட்டும்போது, பதிவேட்டில் ஹெச் முன்னால் இருந்தது கைத்தவறு என்று தானாகவே புரிந்துகொண்டு, இசட்டை முன்னால் போட்டு எழுதிவிட்டார். அதைப் பார்த்துத்தான் பிள்ளை தன் பெயரை எழுதப் பழகினாள். தம்பிக்கு அது கண்ணில் பட்டது. நோட்டையும் சான்றையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தான்.

"அக்கா, இதுல எது சரி?"

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நேரம் கிடைக்க வேண்டும் என்று செய்தது. கேள்வி நேராக வந்து விழுந்துவிட்டது. இதைவிட எளிதாக ஒரு வாய்ப்பு வந்திருக்காது.

"சர்டிபிகேட்ல இருக்குறதுதான் சரி" என்றேன்.

"எனக்கும் அதான் தோணுச்சு. நீ தப்பாப் போடுவியா? டீச்சரம்மா மாத்திப்புட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பள்ளி விட்டதும் பிள்ளையை என் கடையில் விட்டுவிட்டு ஜீப்புக்கு டீசல் போடப் போனான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து, தலையைச் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் யாருக்கோ விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே தம்பியின் கையெழுத்தில் பெயர், ஹெச் முன்னால். அதற்குக் கீழே அதைப் பார்த்து அவள் எழுதியது, வரிக்கு வரி. ஒவ்வொரு வரியிலும் அந்த இடம் வந்ததும் கை தானாக இசட்டைப் போட்டுவிடுகிறது, அவள் நின்று, ரப்பரால் அழித்து, ஹெச் போட்டு, பிறகு இசட் போடுகிறாள். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் மட்டும் நைந்து போயிருந்தது.

"என்னாத்தா செய்யிற?"

"அப்பா எழுதச் சொல்லிச்சு அத்த. அம்பது தடவ எழுதுனா மறக்காதாம்."

"எத்தன ஆச்சு?"

"இருவத்தி ரெண்டு. எனக்குப் பழசுதான் ஈசியா வருது."

அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். அவள், தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்து ரப்பரைத் தேடினாள். நீ எழுதினதுதான் சரி, இனிமேல் எழுத வேண்டாம் என்று சொன்னேன். எது சரி என்று அவளுக்குப் புரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வா என்றேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் வரும்வரை கடைக்குள்ளேயே நடந்தேன்.

வந்தார்கள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று நடந்து நடந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. வாயில் முதலில் வந்தது இதுதான்: "அன்னைக்கு நீ போன்ல ஹெச்ச மொதல்ல சொன்ன."

தம்பி மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னைக்கு மதினி?"

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் மனசுக்குள் ஒரு மூலையில் பழியை அவள் மேல் போட்டு வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு ஒழுங்காகச் சொன்னேன். எழுதியது நான். எழுத்து மாறியது என் கையில். மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. நேற்றுக் கேட்டபோதும் தெரிந்தே பொய் சொன்னேன்.

தம்பி நோட்டைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

"நாலு வருசமா ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நேத்துக் கேட்டேனேக்கா. பிள்ளைய ஒக்கார வச்சு அம்பது தடவ எழுதச் சொன்னேனே."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போய்விட்டான். அவள் மட்டும் இருந்தாள். மேஜை மேலிருந்த சான்றை எடுத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். நடுவில் வந்ததும் அவளும் நின்றாள்.

"நானும்தான் பாக்கல மதினி. எழுத்து இருந்தாப் போதும்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என் கண்ணைத் துடைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எழுந்து நின்று, "ஆனா நான் சொல்லித்தான் நீங்க மாத்தி எழுதுனதா இத்தன நாளா நெனச்சிருக்கீகளே, அதான் எனக்கு" என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போனாள்.

மறுநாளே திருத்தத்துக்கு அலையத் தொடங்கினேன். பிறந்த மருத்துவமனையின் பதிவில் தாயின் பெயர்தான் இருந்தது, பிள்ளைக்குப் பெயரே இல்லை. அதனால் சரியான பெயர் இதுதான் என்று தாய் தகப்பன் இருவரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போட அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் போட்டான். விண்ணப்பத்தில் பிழைக்கான காரணம் என்ற இடத்தில், இதை நிரப்பிய நான் தவறாக எழுதிவிட்டேன் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அலுவலகத்திலிருந்த அம்மா வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"விண்ணப்பதாரர் தவறுன்னு மட்டும் போடுங்க. நிரப்புனவங்க யாருன்னு கேக்க இதுல எடம் இல்ல."

"தப்பு அவங்களோடது இல்லங்க."

"யாரோடதா இருந்தாலும் இப்படித்தான் போடணும். வேற தாள்ல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பதாரர் என்றால் பெற்றோர்தான், அவர்கள் பிழை என்று அரசாங்கத் தாளில் நிற்கிறது. இன்றுவரை அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சான்று திருந்தி வந்தது. ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை எடுக்க வேண்டியிருந்ததால் அதிலும் கூடவே மாற்றினோம். பிறகு ரேஷன் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு, கடைசியாகப் பள்ளிக்கூடம். பரீட்சை விடுமுறை முழுக்க அதற்கே போனது. ஒவ்வொன்று வந்ததும் அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் வாங்கிக்கொண்டு காபி கொடுப்பாள். தம்பி ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பான், துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பான். லைசென்ஸ் நகல் எடுப்பதற்குக்கூட அவன் உத்தமபாளையம் போகிறான் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பிள்ளைதான் எங்கள் எல்லோரையும் குழப்பினாள். புதுச் சான்று வந்த பிறகு ஒரு நாள் ஹெச் முன்னால் எழுதுவாள், மறுநாள் பின்னால் எழுதுவாள். கேட்டால், "ரெண்டும் எனக்குத் தெரியும்" என்பாள், அது ஏதோ கூடுதல் படிப்பு மாதிரி. ஒன்றாம் வகுப்புப் பாதியில் தானாகவே ஒன்றில் நிலைத்துவிட்டது. அவள் மறந்த பிறகும் என்னால் மறக்க முடியவில்லை. அவள் நோட்டு எது கைக்கு வந்தாலும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

போன மாதம் தம்பிக்கு ஒரு மகன் பிறந்தான். முப்பது நாள் முடிவதற்குள் தம்பி மனைவி கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். துணைக்கு மூத்தவள். பெயரைத் தமிழில் சொன்னாள். இந்தத் தடவை ழ இல்லை, ஆனால் ஒரு நெடில் இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று மூன்று வழி உண்டு. நான் வழக்கப்படி தாளை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நீங்க கொஞ்சம் எந்திரிங்க மதினி."

கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் பாடத்தை மகளோடு சேர்ந்து தானும் வீட்டில் உட்கார்ந்து படித்ததாகச் சொன்னாள். கீ போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். திரையைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாலையில் ஒரு லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு தட்டல் கேட்டது, ஒரு அழிப்பு, மறுபடி ஒரு தட்டல்.

"வாசிச்சுப் பாருங்க" என்றாள்.

வாசித்தேன். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை. என்னைக் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி போட்டிருப்பேன், நெடிலுக்கு இன்னொரு எழுத்துச் சேர்த்து. சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நெனச்சது இதுதான?"

"இதேதான்."

"அப்பச் சரி" என்றேன். அவளே பிரிண்ட் கொடுத்தாள். வெளியே ஜீப் ஹாரன் கேட்டது. தம்பி இறங்கவில்லை, ஆனால் வண்டியைக் கடைக்கு நேர் முன்னால்தான் நிறுத்தியிருந்தான்.